மரப்பாச்சிக்கு எத்தனை பாவாடை

பழைய பொம்மைகளைச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் "எங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு கிடக்கு" என்பார்கள்.

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறை. பொம்மையின் உடம்பை நான் பார்ப்பேன், உடுப்பைப் பாத்திமா அக்கா பார்ப்பார். அக்கா முன்பு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவர். 'அளவு சரியில்லைன்னு பொம்மை திரும்பி வந்து சண்டை போடாது' என்ற ஒரே நம்பிக்கையில் இந்தப் பக்கம் வந்தார். பொம்மை வராது, பொம்மையின் சொந்தக்காரர் வருவார் என்பது சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

என்னிடமும் ஒரு கோளாறு உண்டு. நான் தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவன். 'ம்' கொட்டவில்லை என்றால் அவர் ராஜகுமாரனை நடுக்காட்டிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எதிரில் யார் பேசி மூச்சு விட்டாலும் என் வாய் தானாக 'ம்' என்கிறது. குரலும் சின்னது, அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்பதில்லை. தையல் கடை, வாட்ச் ரிப்பேர், மூக்குக் கண்ணாடிக் கடை என்று அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கிப் பிழைக்கும் அன்பர்களே, வாடிக்கையாளரிடம் 'ம்' சொன்னால் என்னவெல்லாம் ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கண் திறந்த வினை

பக்கத்துத் தெரு இரும்புக் கடைக்காரர் ஒரு பொம்மை கொண்டுவந்தார். அவருடைய அத்தா சவுதியில் வேலை பார்த்தபோது வாங்கி வந்தது. படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். பரணில் படுத்தே கிடந்ததில் கண் மூடியபடி இறுகிவிட்டது. "தொறக்கணும் தம்பி" என்றார். 'ம்' என்றேன். பஞ்சுக் குச்சியால் உள்ளே இருந்த தூசியை எடுத்து, கண்ணுக்குப் பின்னால் தொங்கும் குண்டை மெல்ல அசைத்ததும் நீலக் கண்கள் பளிச்சென்று திறந்துகொண்டன. அக்கா கவுனுக்குப் புது லேஸ் வைத்தார். எங்களுக்கே பெருமையாக இருந்தது.

அந்த வாரமே மனிதர் திரும்பி வந்தார். இப்போது கண் மூட மாட்டேன் என்கிறதாம். கட்டிலுக்கு எதிரே இருக்கும் ஷோகேஸிலிருந்து அது பார்க்கிற பார்வையில் வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லையாம்.

"பாத்ரூம் போக எந்திரிச்சா என் சம்சாரம் அதுக்கு சலாம் சொல்லிட்டுத்தான் போறா. பழையபடி தூங்க வச்சுக் குடுத்துடுங்க தம்பி."

உப்புத்தாள்

கொலுவில் மளிகைக் கடை பரப்பிக்கொண்டு தொப்பையும் சிரிப்புமாக உட்கார்ந்திருப்பாரே, அந்தச் செட்டியார் பொம்மையோடு மன்னார்புரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். காகிதக் கூழ் பொம்மை, நல்ல பழையது. வர்ணம்தான் உரிந்திருந்தது. அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தொப்பையைக் கொஞ்சம் தேய்ச்சுக் குறைச்சுடுங்க. கொலு பார்க்க வர்றவங்க எல்லாம் பொம்மையைப் பார்த்துட்டு இவரைப் பார்க்கிறாங்க" என்றார். 'ம்' என்று சொல்லிவிட்டேன். தேய்த்தால் கூழ் பெயர்ந்து ஓட்டை விழும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைச் சொல்லவும் செய்தேன். என் குரலில் சொன்னதால் அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கணவர் மட்டும் திரும்பி வந்து என் கையில் இருந்த உப்புத்தாளைத் தடவிப் பார்த்தார்.

"அதை விடுங்க தம்பி. இதை எனக்குப் போட்டா குறையுமா?"

ஸ்ரீரங்கத்து மஞ்சள் பை

இனி வருவதெல்லாம் ஒரே பொம்மையின் கதை.

நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்ரீரங்கத்திலிருந்து வேதா மாமி வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு மரப்பாச்சியை, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்து மேஜையில் நிறுத்தினார். "ஜோடியில பெருமாள் சமர்த்தா இருக்கார். எங்காத்துத் தாயாருக்குத்தான் பாவாடையில ராமபாணப் பூச்சி விழுந்துடுத்து" என்றார்.

மாமிக்கு ஒரே பெண், கோதை. மெல்போர்னில் இருக்கிறாள். பல வருஷம் கழித்து இந்தக் கொலுவுக்கு மகளோடு வருகிறாள். "போன்ல பேசினா காபி ஆறதுக்குள்ள எங்களுக்குள்ள சண்டை வந்துடும்ப்பா. இந்தப் பொம்மையைப் பத்திப் பேசினா மட்டும் வராது" என்றார் மாமி. கோதை சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில், நவராத்திரிக்கு நவராத்திரி அம்மாவும் பெண்ணும் சேர்ந்து தாயாருக்கு ஒரு பாவாடை தைப்பார்களாம். பழசைக் கழற்றுவதில்லை, அதற்கு மேலேயே புதுசு. 'கழட்டினா தாயாருக்குக் குளிரும்மா' என்று முதல் வருஷம் கோதை அழுததிலிருந்து அதுதான் அந்த வீட்டு வழக்கம். பிறகு ஒவ்வொன்றாக விளிம்பைத் தூக்கிப் பார்த்து, எது எந்த வருஷத்தது என்று பேசிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்களாம்.

"எப்படிச் சுத்தம் பண்ணினாலும் அந்த வரிசை மாறப்படாது, என்ன?" என்றார். 'ம்' என்றேன்.

"உன்னை நம்பி அவகிட்ட சொல்லாம எடுத்துண்டு வந்திருக்கேன். வரிசை மாறித்துன்னா, எங்களுக்குப் பேச மிச்சமிருக்கிற இந்த ஒண்ணுலயும் சண்டைதான்."

உரிக்க உரிக்க

வெளிப் பாவாடையைக் கழற்றினால் உள்ளே ஒன்று. அதைக் கழற்றினால் இன்னொன்று. மொத்தம் ஒன்பது. கடைசியில் மரப்பாச்சி எங்கள் சுண்டுவிரல் கனத்துக்கு நின்றது. நானும் அக்காவும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அதை ஈரத் துணியால் துடைத்து எண்ணெய் தடவினோம்.

"திருச்சி வெயில்ல எனக்கு ஒரு துப்பட்டாவே ஆக மாட்டேங்குது. இவ ஒம்போது பாவாடையோட நின்னிருக்கா. மரமா இருக்கப் போய்த் தாங்கியிருக்கா."

மழையும் சேவியர் சாரும்

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி, மொட்டை மாடிக் கொடியில் வரிசை மாறாமல் மாட்டினேன். இடது கோடியில் வெளிப் பாவாடை, வலது கோடியில் உள் பாவாடை. போட்டோ எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தேன். வெளிப் பாவாடையோடு பொம்மை நிற்கிற மாதிரி, ஸ்டேட்டஸில் வைப்பதற்கு ஒன்று.

நானும் அக்காவும் நூல் வாங்கப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் சேவியர் சார், ரிட்டயர்டு வாத்தியார், யாரும் கேட்காமலே உதவி செய்கிறவர். நனைந்துகொண்டே ஓடிவந்தோம். பாவாடைகள் ஒரு சொட்டு ஈரம் படாமல் மேஜை மேல் இருந்தன. சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சை நீலமெல்லாம் ஒரு பக்கம், விளிம்போடு விளிம்பு ஒட்டி. நான் நின்ற நிலையைப் பார்த்து சார் வருத்தப்பட்டார்.

"கன்னாபின்னான்னு தொங்கிட்டிருந்துச்சு, கலர் வாரியா பிரிச்சு அடுக்கி வச்சிருக்கேன். ஒரு தேங்க்ஸ் சொல்லுவேன்னு பார்த்தா 'ம்'ங்கறியேப்பா."

இடுப்பளவு

மாமியிடம் சொல்லிவிடலாம் என்றால், என்ன சொல்வது? நம்பிக் கொடுத்ததை வாத்தியார் கலர் வாரியாக அடுக்கிவிட்டார் என்றா? அக்கா மட்டும் ஒவ்வொரு பாவாடையையும் விரித்து, இடுப்புப் பட்டியில் இஞ்ச் டேப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதல்லவா? ஒவ்வொரு வருஷமும் பொம்மைக்கு இடுப்பு பெருத்திருக்கிறது. சின்னப் பட்டி உள்ளே, பெரிய பட்டி வெளியே. ஏழு பாவாடைகள் சமர்த்தாக வரிசையில் போய் நின்றுவிட்டன.

மஞ்சளும் பச்சையும்தான் வம்பு செய்தன. இரண்டுக்கும் ஒரே இடுப்பு. தையலைப் பார்த்தோம். இரண்டிலும் பாதி வரைக்கும் குழந்தைக் கை, கோணல் மாணல். மீதி பொறுமை போன அம்மாவின் கை. திருப்பித் திருப்பிப் பார்த்தும் பிடி கிடைக்கவில்லை. கடைசியில் அக்கா மஞ்சளை உள்ளே போட்டு, அதன்மேல் பச்சையைக் கட்டினார்.

"பிளவுஸ்காரிங்க எவ்வளவோ தேவலை தம்பி. உடம்பு ஏறிடுச்சுன்னு அவங்களே வந்து சொல்லிடுவாங்க."

இளைத்தவள்

மாமி வந்தார். தாயாரைக் கையில் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். என் கண் உள்ளிருந்து எட்டிப் பார்த்த பச்சைப் பாவாடையின் விளிம்பை விட்டு நகரவில்லை. மாமியின் கண்ணில் பட்டது வேறு. அழுக்கும் பழைய கஞ்சியும் போனதில் ஒன்பது பாவாடையும் மெலிந்துவிட்டன. பூசணிக்காய் மாதிரி வந்த தாயார் முருங்கைக்காய் மாதிரி நின்றார். "இளைச்சுப் போயிட்டாளே" என்றார் மாமி. நான் 'ம்' என்றேன். அக்கா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மாமி தாயாரை மஞ்சள் பைக்குள் பதவிசாகப் படுக்க வைத்தார்.

"பரவால்ல. ஆத்தை விட்டு வெளியூர் போனவா எல்லாரும் இளைச்சுண்டுதானே வரா."

சுண்டல்

கொலுவுக்கு எங்கள் இருவரையும் மாமி கூப்பிட்டிருந்தார். கூடத்தில் கோதை இருந்தார், அவர் மகள் இருந்தாள், முதல் படியில் பெருமாள் பக்கத்தில் தாயார் இருந்தார். மாமியும் கோதையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, வெளியூர்க்காரர்கள் மாதிரி "வெயில் ஜாஸ்திதான்", "ஆமா, ஜாஸ்திதான்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுண்டல் வந்தது. நாங்கள் தொன்னையில் கவனமாக இருந்த நேரத்தில் குழந்தை படிக்குப் போய்த் தாயாரை எடுத்துவிட்டாள். "பாட்டி, இவளுக்கு வேர்க்காதா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஒன்பது பாவாடையும் கூடம் முழுவதும் கிடந்தன. நான் தொன்னையைக் கீழே வைத்தேன்.

மாமியும் கோதையும் ஒரே சமயத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். கடகடவென்று எடுத்துப் போட்டார்கள். மஞ்சளும் பச்சையும் வந்ததும் கைகள் நின்றன.

"மஞ்சள்தான்மா முதல்ல. நான் நாலாவது படிக்கறப்போ தெச்சது."

"பச்சைடி. உனக்கு அம்மை போட்டிருந்ததே, அந்த வருஷம்."

"அம்மை போட்டது அஞ்சாவதுல. உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?"

"உன்னை மடியில போட்டுண்டு வேப்பிலையால தடவினது நான். எனக்கா ஞாபகம் இல்லை?"

இந்த ஒன்றிலாவது சண்டை வராமலிருக்கும் என்று மாமி நம்பியிருந்தார். இப்போது அதிலேயே வந்துவிட்டது. நான் கதவைப் பார்த்தேன். ஆனால் சண்டை அம்மையிலிருந்து டாக்டருக்குப் போய், டாக்டரிலிருந்து நாலாம் வகுப்பு டீச்சருக்குப் போய், அங்கிருந்து அந்த வருஷம் சுண்டலில் உப்புப் போட மறந்தது யார் என்பதற்குப் போயிற்று. காபி ஆறிக்கொண்டே இருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் இருந்தவர்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கைப்பைக்குள் கையை விட்டு, "டேப்பை எடுக்கட்டுமா?" என்று என்னிடம் கிசுகிசுத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எப்படியும் அந்த இரண்டுக்கும் டேப் உதவாது.

அப்போதுதான் மாமிக்கு என் ஞாபகம் வந்தது. கோதையிடம் சொல்லாமல் எடுத்து வந்தது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. "துவைச்சவன் இங்கதான் இருக்கான். சொல்லுப்பா, மஞ்சளா பச்சையா?" என்றார். கோதையும் திரும்பினார். "ஓ, துவைக்கவும் குடுத்தியா? சரி, சொல்லுங்க. மஞ்சள்தானே?" மாமியும் அதே மூச்சில், "பச்சைதானேப்பா?" என்றார்.

'ம்' என்றேன்.

"பார்த்தியா, நான் சொன்னதேதான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பஞ்சு, தூரிகை, பூந்திக்கொட்டை எல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பொம்மை சுத்தம் செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது இரண்டு பக்கமும் பொருந்துகிற அளவில் ஒரு 'ம்'.