அத்தான் ஏறாத பின்சீட்டு

பூசை முடிந்த புது டயர்கள் நான்கும் நெல்லியடி வீட்டு மதிலில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு. கட்டை கட்டையாய்ப் பல் வைத்த, சேற்றுக்கும் காட்டுக்கும் என்று செய்த டயர்கள். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஓய்வு பெற்றதும் வாங்கிய பழைய ஜீப்புக்கு அவற்றைத்தான் பூட்டினார். நெல்லியடியில் காடு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை; அத்தான்மாரிடம் அப்படிக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஒரே ஒருமுறை கிழக்குக் கரை மணலுக்குள் கொண்டுபோய் அச்சு வரை புதைத்தார். மீனவர் ஒருவர் உழவு இயந்திரத்தால் இழுத்துவிட்டு, "ஐயா, உது ஊருக்குள்ளை ஓடுற சாமான் போலை" என்றார். அன்று முதல் அது ஊருக்குள்ளேயே ஓடியது.

அந்த வருடம்தான் அக்காவின் புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்தது. கிழமைக்கொருமுறை ஆஸ்பத்திரி. பின்சீட்டில் அவளைச் சரித்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் ஏந்திக்கொண்டு போவேன். தடித்து விறைத்த டயர். அதற்குள் அத்தான் கல்லுப்போலக் காற்றடித்து வைத்திருப்பார். சாதாரண டயர் விழுங்கிவிடும் சின்னக் கல்லைக்கூட இது அப்படியே மேலே அனுப்பும். பின்சீட்டோ பின் அச்சுக்கு நேர் மேலே. தார் வீதியில் வண்டு இரைவதுபோல் ஓயாத இரைச்சல். குண்டும் குழியுமான மண் ஒழுங்கைக்குள் இறங்கினால் அக்காவின் விரல்கள் என் முழங்காலை இறுக்கும். வாயிலிருந்து ஒரு சத்தமும் வராது.

நான் எதற்கும் புத்தகம் புரட்டுகிற ஆள். டயரைப் பற்றியும் படித்தேன். படித்த துணிவில் ஒருநாள், "அத்தான், மெத்தெண்ட ரயரா மாத்துங்கோவன். காத்தையாவது குறையுங்கோ" என்றேன்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கவே கடைக்குப் போற நீ எனக்கு ரயர் படிப்பிக்கிறியோ? நானும் இதிலைதானே இருந்து வாறன். எனக்கு ஒண்டும் குலுக்கேல்லை."

அது பொய்யில்லை. அவர் முன்னால், பஞ்சு வைத்த இருக்கையில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வாடகைக்குக் கார் பிடிப்போம் என்றேன். "வாசல்லை வாகனம் நிக்க, கார் பிடிச்சுப் போனால் சனம் என்ன கதைக்கும்?" என்றார். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. அக்காவோ, அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லாத்தான் ஓடுதப்பா" என்பாள். என்னிடம் மட்டும், "வேலையை விட்ட பிறகு அந்தாள் சிரிச்சது உந்த ஜீப்பை வாங்கின அண்டைக்குத்தான். நீ வாயை மூடிக்கொண்டு இரு" என்றாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். மருந்து வேண்டாம், போதும் என்று எல்லோருக்கும் சொன்னாள். மருந்துக்குப் பயமில்லை, போகிற வழிக்குத்தான் பயம் என்று எனக்குச் சொன்னாள். அதிக நாள் இருக்கவில்லை.

செத்தவீட்டன்று ஜீப்பை என் மகன் ஓட்டினான். சுடலையிலிருந்து திரும்பும்போது அத்தான் முதன்முறையாகப் பின்சீட்டில் ஏறினார். ஒழுங்கைக்குள் திரும்பியதும் மேற்கம்பியை எட்டிப் பிடித்தார். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள், சாம்பலைக் கரைக்கக் கீரிமலைக் கடற்கரைக்குப் புறப்பட்டபோது பார்த்தேன். நான்கும் புது டயர். சாதாரண வீதி டயர். ஜீப்பு வழுக்கிக்கொண்டு போனது. அத்தான் சாம்பல் பானையை மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தார்.

"உன்ரை அக்கா ஒருநாளும் சொல்லேல்லையடா. சொல்லியிருந்தால் மாத்தியிருப்பன்தானே?"

நான் சொல்லியிருந்தேன். அதை நினைவூட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முன்னால் எட்டி, "தம்பி, மெதுவா. குழி கிடக்கு" என்று என் மகனுக்குச் சொல்லிவிட்டு, பானையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

ஜீப்பு குழியில் இறங்கி ஏறியது. மடியில் பானை அசையவே இல்லை.