பெயின்ட் ஒட்டாத கப்பல்

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. கல்யாணமான வருடம் விடுமுறைக்கு வந்தபோது, எந்தத் துறைமுகத்திலோ வாங்கிய பிளாஸ்டிக் கப்பல் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். துண்டு துண்டாகக் கிடந்ததைப் பசை போட்டு ஒட்டி முடித்தார். பெயின்ட் அடிப்பதற்குள் கப்பலுக்குக் கூப்பிட்டுத் தந்தி வந்துவிட்டது. தான் போகும் கப்பலும் இதே மாதிரிதான் என்று தன் அப்பாவிடம் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன். அதுக்குள்ள பெயின்ட் அட்ச்சி வெச்சிரு."

புதுப் பெண்டாட்டியிடம் அவர் கேட்டுப்போன ஒரே காரியம் அது. தலைகீழாக நின்றாவது முடித்துவிடுவது என்று இருந்தேன்.

யானைக்கவுனிக் கடையொன்றில் எனாமல் பெயின்ட் வாங்கிவந்தேன். மேல்தளமும் புகைபோக்கியும் சொன்ன பேச்சைக் கேட்டன. தண்ணீரில் இறங்கும் அடிப்பாகம் மட்டும் கேட்கவில்லை. பிரஷ்ஷை இழுத்துவிட்டு நிமிர்வதற்குள் சிவப்பு பெயின்ட் சுருண்டு ஒதுங்கும். அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகப் பிளாஸ்டிக் தெரியும். அதே பெயின்ட், அதே பிரஷ். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புப் போட்டு அலசிவிட்டு அடியுங்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைப்பதையே நிறுத்தினேன். சாயங்காலம் கப்பலைச் சோப்புத் தண்ணீரில் அலசி, ஜன்னலில் காயவைத்து, மறுநாள் மத்தியானம் அடித்தேன். அதே அம்மை.

உப்புக் காற்றா என்று ஜன்னலைச் சாத்திவைத்தேன். எண்ணூர்ப் பக்கத்துப் புகைக்கரியா என்று துணி போட்டு மூடினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். தின்னர் தொட்டுத் துடைத்ததில் பிளாஸ்டிக்கே ஓரத்தில் இளக ஆரம்பிக்க, பயந்துபோய் விட்டுவிட்டேன். எது செய்தாலும் சாயங்காலம் சுத்தமாக இருப்பது மறுநாள் பெயின்டை உதறியது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அவரிடமிருந்து கடிதமும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, கப்பலில் பெயின்ட் ஒட்டாவிட்டால் கடலுக்குப் போனவருக்கு நல்லதில்லை என்று ஒரு போடு போட்டாள். அவளை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து அழுதேன்.

மறுநாள் மாதா கோயில் விடிகாலைப் பூசைக்குப் போகலாமென்று எழுந்தேன். ஜன்னலோரம் என் மாமனார் நின்றிருந்தார். ஆயுசெல்லாம் படகில் போனவர். மகன் போனதிலிருந்து என்னோடு நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். இடது கையில் கப்பல், வலது கையில் கந்தல் துணி, பக்கத்தில் மீன் எண்ணெய்க் கிண்ணம். எங்கள் பக்கம் படகைக் கடலில் இறக்குமுன் அடியில் தடவுவார்களே, அந்த எண்ணெய். பளபளப்புத் தெரியாமல் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மரமாக இருந்தால் எண்ணெயைக் குடித்திருக்கும். பிளாஸ்டிக் எங்கே குடிக்கும்? எனக்கு ஏன் வாசனை தெரியவில்லை என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் தலையணைக்கே அந்த வாசனைதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னா மாமா இது? தெனமும் நீங்கதானா?"

அவர் திருதிருவென்று விழித்தார். திட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"எண்ணெ தடவாம எவனாச்சும் தண்ணில எறக்குவானாம்மா?"

"அது பிளாஸ்டிக்கு மாமா. தண்ணிக்கே போவாது."

"அது போவாது. அதுல எம்புள்ள போயிகினு கீறானே."

அவர் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் காதில் விழுந்திருக்க வேண்டும், இன்னும் அழுத்தித் தேய்த்தார். நான் கிண்ணத்தை எடுத்து அவருக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டேன். அன்று பூசைக்குப் போகவில்லை.

அதன்பிறகு அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கவேயில்லை. சொன்ன காரியத்தை முடித்தேனா, கோட்டைவிட்டேனா என்பது எனக்கே குழப்பம்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் என் கணவர் வந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் கப்பலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பாதிதான் அடித்திருக்கிறேன் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பிசுபிசுத்த விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கப்பலும் கையுமாகத் தன் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.