வரப்பில் ஒருவர் இருக்க வேண்டும்

பரளச்சிக்குப் பக்கத்தில் தங்கலட்சுமி குடும்பத்துக்குக் கொஞ்சம் மானாவாரிக் கரிசல் காடு உண்டு. களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் கதிர் அறுப்பதும் எப்போதும் அவள் வேலை. உழவும் விதைப்பும் கணவர் கோட்டைச்சாமியுடையவை. ஆடியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் காய்ந்ததும் நிலம் பதத்துக்கு வந்தது. இன்னும் இரண்டு வெயில் அடித்தால் ஈரம் போய்விடும். அதற்குள் குதிரைவாலியைத் தூவி உழுதாக வேண்டும். தவறினால் இந்த வருடம் வெள்ளாமை இல்லை.

டிராக்டர் வைத்திருக்கும் ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். அவன் தயங்கினான். வேறோர் ஊரில் பெண் சொல்லை நம்பி உழப்போய், புருஷன்காரன் வந்து அவனை வைதிருக்கிறான்.

"அண்ணன் வரப்புல இருக்கட்டும் மதினி. நான் நாளைக்கு வாரேன்."

"அவுகளால எந்திரிக்கவே முடியாதே தம்பி."

"உக்காந்திருந்தாப் போதும்."

மறுநாள் விடிந்ததும் கணவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். சேற்றுக்குள் ஆட்டோ போகாது. ரோட்டிலிருந்து அவருடைய இடக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கலும் பாதி இழுப்புமாக வரப்பு வேப்பமரத்தடி வரை கொண்டுபோனாள். அங்கே சாய்த்து உட்காரவைத்துவிட்டு, விதை மூட்டைக்காக ரோட்டுக்குத் திரும்ப நடந்தாள். அது முடிந்து நாற்காலிக்காக இன்னொரு நடை. அவரைத் தூக்கி அதில் உட்காரவைத்தாள்.

ஜெயபாண்டி வந்தான். வரப்பில், நாற்காலிக்கு எதிரே நின்று கேட்டான்.

"ஒரு ஓட்டு உழவு போதுமாண்ணே?"

கோட்டைச்சாமி மனைவியைப் பார்த்தார்.

"போதும், அடியில ஈரம் இருக்கு" என்றாள் அவள்.

"ஒரு ஓட்டுத்தானண்ணே?" மறுபடியும் அவரிடமே கேட்டான். அவர் தலையசைத்தார்.

"விதையை மதினி தூவட்டுமா?"

அதற்கும் தலையசைத்தார். தங்கலட்சுமி அதற்குள் விதையை மடியில் கட்டிக்கொண்டு காட்டில் இறங்கித் தூவ ஆரம்பித்திருந்தாள்.

ஜெயபாண்டி கெட்டவன் இல்லை; உழவும் சுத்தமாக இருந்தது. ஆனால் ஒருவர் வெறுமனே இருப்பது வேலையாகவும், இன்னொருவர் ஓயாமல் செய்வது ஒத்தாசையாகவும் எண்ணப்படும் கணக்கை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அது காற்றைப் போல ஊரில் இருக்கிறது. தங்கலட்சுமியும் அதைத்தான் சுவாசித்து வளர்ந்தாள். அதனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

சாயங்காலம் பலசரக்குக் கடைக்காரர் ரத்தினம் விசாரித்தார். "கோட்டைச்சாமி விதைச்சுட்டாப்லயாமே, இந்த ஒடம்போட?" ஆமாம் என்று சொல்லிவிட்டு உப்பு வாங்கி வந்தாள்.

மறுநாள் காலையில் கோட்டைச்சாமி இடக்கையால் எப்படியோ சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஆடிக்குப் பிறகு அவர் முகம் அவ்வளவு தெளிந்து அவள் பார்த்ததில்லை.

இனிக் களையெடுப்புத்தான், அதற்கு உங்களை யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தவள், குனிந்து சட்டைப் பித்தான்களைப் போட்டுவிட்டு, ஆட்டோக்காரருக்குப் போன் போட்டாள்.