என்னிடம் கேட்காத சந்தேகம்

கேரள எல்லையிலுள்ள முதலமடைப் பள்ளியில் இருபது வருடமாக நான் கணக்கு டீச்சர். புதிதாக வந்த மலையாள டீச்சரைப் பிள்ளைகள் மொய்ப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். "பாடமா நடத்தறாங்க? கதை பேசறாங்க" என்பேன்.

மாங்காய் பறிப்புக்கு அம்மாவோடு போயிருந்த ஏழாம் வகுப்புக் கவிதா ஒரு வாரம் கழித்து வந்தாள். மாம்பால் பட்டுப் புண்ணான அவள் விரலுக்கு அந்த டீச்சர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணக்கு நோட்டு விரிந்து கிடந்தது.

"ஏம்புள்ள, கணக்குல சந்தேகம்னா எங்கிட்டக் கேக்க மாட்டியா?"

கவிதா தலை குனிந்தாள். "உங்ககிட்டக் கேட்டா, எனக்குத் தெரியலீங்கறது உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க டீச்சர்."

நோட்டைப் பார்த்தேன். இருவரும் சேர்ந்து போட்டிருந்த விடை தப்பு. அப்படியும் என் பொறாமை அடங்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைகூட என் பக்கத்தில் உட்கார்ந்து பயமில்லாமல் தப்பாகப் போட்டதில்லை.