குழாயில் தண்ணீர் வராத நாள்

வெள்ளகோவில் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. ஒருநாள் ஆய்வகத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கையில் அமிலம் கொட்டிவிட்டது. அவளை இழுத்துக்கொண்டு ஓடிக் குழாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"மிஸ், காரத்தை ஊத்தீரலாங்களா? நடுநிலை ஆயிரும்னு நீங்கதானுங்க சொன்னீங்க," என்று குடுவையோடு வந்தான் ஒரு மாணவன்.

"வேண்டாங் கண்ணு, இன்னும் வெந்துபோயிரும். தண்ணிதான் வேணும்."

பிள்ளைகள் தாங்கள் குடிக்க வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக ஊற்றினார்கள். கடைசி பாட்டிலும் தீர்ந்தது.

"இன்னும் எரியுதுங்க மிஸ்," என்றாள் அவள். வராது என்று தெரிந்தே மறுபடியும் குழாயைத் திருகினேன்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், 'நீர்' வருகிற இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.