பதினெட்டு செக்கன் கடல்

1. சிவப்புப் பொத்தான்

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஓய்ந்ததும், பதிகிற சிவப்புப் பொத்தானை அமத்தினேன். வலது டெக்கில் அமத்த வேண்டியதை இடது டெக்கில் அமத்தினேன்.

அந்த ஒரு விரல் பிசகின் பாரம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு ரெக்கோடிங் கடையில் எனக்கு வேலை. இரண்டு டெக்கிலும் பதியலாம் என்றாலும், எங்கள் வழக்கத்தில் இடது டெக் பாடும், வலது டெக் பதியும். கசட்டின் முதுகில் இரண்டு பிளாஸ்டிக் பல் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் எவரும் பதிய முடியாது. எங்கள் சனமோ பழைய கசட்டைக் கொண்டுவந்து, "இதுக்கு மேல புதுப்பாட்டு அடிச்சித் தாங்க" என்றுதான் கேட்கும். பல் உடைந்த கசட் கைக்கு வந்ததும் ஓட்டையில் செலோடேப் ஒட்டுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. பாங்கு கேட்டால் எல்லா டெக்கையும் நிறுத்த வேண்டும் என்பது முதலாளி ஹாஜியாரின் சட்டம்.

அன்று காலை வந்த கசட்டுக்கும் யோசிக்காமல் டேப் ஒட்டிவிட்டேன்.

கொண்டுவந்தவன் டேவ் என்ற வெள்ளைக்காரன். அறுகம்பேயில் பலகையில் நின்று அலை ஓடுகிறவன். வெயிலில் வெந்த மூக்கு, தோளில் உப்புப் பூத்த பை. கூடவே வந்தவர் பொத்துவிலில் வெள்ளைக்காரருக்கு அறை விடும் லெத்தீப் காக்கா. டேவின் ஆங்கிலத்தை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான்.

"அஞ்சு பேரு சேந்து இஞ்சயே கட்டின பாட்டு தம்பி. றொக் பாட்டு. அலை வருமட்டும் காத்துக் கிடக்கிறதப் பத்திப் பாட்டுப் படிக்காங்க. ஆளுக்கொரு நாட்டுக்குப் போறாங்க, இது ஒண்டுதான் இரிக்கி. அஞ்சு கொப்பி வேணும். இண்டைக்கி ராவைக்கு இவருக்கு கொழும்பு பஸ்."

பாட்டின் நடுவில் கிட்டாரும் டிரம்மும் சட்டென்று நின்றுவிடும். வெறும் கடல் மட்டும் கேட்கும். பிறகு எல்லாம் ஒன்றாக இடிந்து விழும். அந்தக் கடலின் தொடக்கத்தில்தான் பாங்கு கேட்டது. நிறுத்தினேன். பிறகு தவறான பொத்தான். வலது டெக்கின் ஒலி அளவு காட்டும் ஊசி அசையவில்லை என்று கண்டு கையை எடுத்தபோது பதினெட்டு செக்கன் போய்விட்டது. கடல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

2. கல்முனைக் கடல்

ஹாஜியார் பள்ளிக்குப் போயிருந்தார். டேவும் லெத்தீப் காக்காவும் எதிர்க் கடையில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பத்து எட்டு எடுத்து வைத்தால் போய்ச் சொல்லியிருக்கலாம். கால் சைக்கிளுக்குப் போனது.

கடலெல்லாம் கடல்தானே என்று நினைத்தேன். கடையின் ரேடியோ கசட் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன். கரைவலைக்காரர்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மனெ, கடலப் படம் புடிக்கயா?"

"சத்தம் புடிக்கன் காக்கா. கொஞ்சம் கதைக்காம இரிங்க."

"அது எந்த நாளும் சும்மா கத்திட்டுத்தான் கிடக்கு. கொண்டு போ!" சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. வேர்வை கண்ணில் இறங்க, மூன்று அலைகளைப் பிடித்தேன்.

கடைக்கு வந்து அந்த வெற்றிடத்தில் கடலைப் பதித்தேன். ஒரு செக்கன் பிந்தினால் அடுத்து வரும் கிட்டாரும் அழிந்துபோகும். வாய்க்குள் எண்ணி எண்ணி நிறுத்தினேன். சரியாக வந்தது. பின்னேரத் தொழுகையான அசருக்குப் பிறகும் இருந்து ஐந்து கொப்பியும் அடித்து முடித்தேன்.

3. ஹெட்போன்

அந்தி மஃரிப் தொழுகை முடிந்த நேரத்தில் டேவ் வந்தான். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினான். தலை ஆடியது, தொடையில் விரல் தாளம் போட்டது. கடல் வந்தது. விரல் நின்றது. கண் திறந்தது.

லெத்தீப் காக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இது தன்ட அலை இல்லையாம். அங்க அலை முனையில உடைஞ்சி, சீலை கிழியிற மாதிரிக் கரை நீளத்துக்கு ஓடுமாம். இது வந்த இடத்திலயே விழுந்து சாகுதாம்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டேப் ஒட்டியது, பொத்தான், சைக்கிள், எல்லாம்.

"அட ஹறாங்குட்டி," என்றார் ஹாஜியார். "ஊருப் பாட்டெல்லாம் கொப்பி அடிச்சது காணாதெண்டு கடலையும் டூப்ளிகேட் அடிச்சிட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. டேவ் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். லெத்தீப் காக்கா அதை நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிழை எல்லாருக்கும் வரும் எண்டான். லுஹருக்கே சொல்லியிருந்தா ஒரு மணி பஸ்ஸில அறுகம்பேக்குப் போயி, தன்ட றெக்கோடரால அந்த அலையப் புடிச்சிட்டு இந்நேரத்துக்குத் திரும்பி வந்திருப்பானாம். எதிர்க் கடையில சும்மாதானே குந்திட்டு இருந்தன் எண்டு கேக்கான்."

வெளியே கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது.

அழிந்த பதினெட்டு செக்கனுக்கு அவன் என்னை ஏசவில்லை. நான் ஒளித்து வைத்த அந்தப் பின்னேரம்தான் அவனுக்கு வலித்தது. பிறகு எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேரின் ஒலிநாடாக்களோடு வேலை செய்தேன். கை பிசகினால் திருத்தப் போவதற்கு முன்னம், உரியவரிடம் போய் நின்றுவிடுவேன். அவரிடம் இன்னும் நேரம் இருக்கக்கூடும். அதைச் செலவழிக்க எனக்கு உரித்தில்லை.

நான்கு கொப்பியையும் மூலக் கசட்டையும் பைக்குள் போட்டான் டேவ். ஐந்தாவதை என் பக்கம் தள்ளினான். "இது உன்ட கடலாம் தம்பி" என்றார் லெத்தீப் காக்கா.

பஸ் போனதும் அந்தக் கசட்டின் இரண்டு பல்லையும் உடைத்தேன். அந்த ஓட்டைகளில் இன்றுவரை டேப் ஒட்டவில்லை.