புவனேசன் வீட்டு அசுரன்

"தாடைய இறக்காதீங்க அண்ணே. அப்படியே முறைங்க. உங்க லோரிக்கு முன்னால குறுக்க விட்டான் பாருங்க, அவன நெனச்சுக்குங்க."

கைத்தொலைபேசியைப் பிடித்தபடி புவனேசன் தரையில் குந்தியிருக்கிறார். எதிரே, கார் நிற்கும் முன்வாசலில், சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்து கூரையை முறைக்கிறார் நல்லசாமி. தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர்; அடுத்த வீட்டுக்காரர். அவர் இப்படிக் கிடந்தால், புக்கிட் ரோத்தான் பக்கம் ஏதோ ஒரு கோயில் சுவருக்கு அரக்கன் தயாராகிறான் என்று அர்த்தம்.

புவனேசன் கோயில்களுக்குப் படம் எழுதுகிறவர். மனத்தில் தோன்றியதை அப்படியே தீட்டுகிற வித்தை தனக்கு வராது என்று கூச்சமில்லாமல் சொல்வார். ஆளை நிறுத்த வேண்டும், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட வேண்டும், சாயங்கால வெயில் தோளில் சரிந்து விழும்போது படம் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் தூரிகை. விளக்குமாற்றுக் கட்டை வேலாகும். சட்டிமூடி கேடயமாகும். பூச்செடிக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் சிவன் கழுத்தில் ஏறும். கல்யாண வீட்டில் தாலி ஏறும் நேரம் எல்லாரும் அட்சதை போட, இவர் மட்டும் மாப்பிள்ளையின் முழங்கை மடிந்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை சந்தையில் மீன்காரரிடம், "கத்திய இன்னொரு தரம் ஓங்குங்க" என்று கேட்டு, பின்னால் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மனைவி அம்சவள்ளியிடம் ஒரு சட்டம் உண்டு. சாமியாக நிற்கப்போகிறவர் சில நாள் முன்பிருந்தே கவிச்சி தொடக் கூடாது. "கோழி எலும்பக் கடிச்ச கையால வேலப் பிடிக்கிறதா?" என்பார். அசுரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. காட்டுப்பன்றிக் கறிக்காகப் பத்தாங் காலி வரை போய்வருகிற நல்லசாமி எப்போதும் அசுரனாகவே அமைந்துபோனதற்கு அவர் மீசை பாதிக் காரணம், இது மீதி.

இதில் ஒரு சிக்கல். எடுத்த படத்தில் இருக்கும் முகத்தைப் புவனேசன் மாற்றவே மாட்டார். "கழுத்து ஒரு ஆளுது, மூஞ்சி வேற ஆளுதுன்னா பாக்குறவனுக்குத் தெரிஞ்சிரும்லா." ஆகவே சுற்றுவட்டாரக் கோயில்கள் பலவற்றில் நல்லசாமி மிதிபட்டுக் கிடக்கிறார். ஊர் பார்த்துச் சிரிக்கும். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

அடுத்த மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு முனீஸ்வரர் படம் கேட்டிருந்தார்கள், காலடியில் அரக்கனோடு. உடற்பயிற்சிக் கூடத்தில் உடம்பை முறுக்கி வைத்திருக்கும் யுவனேஸ்வரன் முனீஸ்வரர் என்று பேச்சு. காலடி, வழக்கம்போல், நல்லசாமிக்கு. அவரோ சட்டையைக் கழற்றாமலே வந்து நின்றார்.

"தம்பி, இந்தத் தடவ நான் படுக்கல."

"ஏண்ணே, இடுப்பு வலிக்குதா?"

"தனுஜா கல்யாணம் அந்த மண்டபத்துலதான். மாப்பிள்ள வீட்டாளுங்க ராவாங்லருந்து வர்றாங்க. பொண்ணப் பெத்தவன் செவுத்துல நாக்கத் தள்ளிக்கிட்டுக் கெடந்தா, எம்புள்ள எப்படிலா தல நிமிந்து மணவறையில ஒக்காரும்?"

புவனேசனுக்குச் சுருக்கென்றது. தனுஜா அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. இத்தனை வருடமாக நல்லசாமியின் தோளையும் கழுத்தையும் பார்த்தவர், மனுஷரைப் பார்க்க மறந்துபோனார்.

"சரிண்ணே. வேற ஆளப் பாத்துக்கிறேன்."

நல்லசாமி நகரவில்லை. "செவ்வாக்கெழமையிலருந்து மீனுகூடத் தொடல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

கதவருகே நின்ற அம்சவள்ளிக்குத்தான் முதலில் விளங்கியது. "அண்ணனையே சாமியா ஒக்கார வைங்களேன். காவலுக்கு நிக்கிற சாமிக்குத் தொப்ப இருந்தா என்னவாம்?"

புவனேசனுக்கும் அது சரியென்றே பட்டது. யுவனேஸ்வரனை அழைத்து அரக்கனாக வரச் சொன்னார். "அங்கள், சோரி, அசுரன்னா எங்கம்மா ஏசுவாங்க" என்று அவன் தொலைபேசியிலேயே கழன்றுகொண்டான்.

மீசையை முறுக்கிவிட்டு, குலை வெட்டும் அரிவாளோடு நாற்காலியில் அமர்ந்தார் நல்லசாமி. பார்க்கப் பயமாகவும் பாசமாகவும் இருந்தது. வலது காலை ஒரு சின்ன முக்காலிமேல் வைக்கச் சொல்லிப் புவனேசன் எடுத்து எடுத்துப் பார்த்தார். உடம்பு வந்தது, பார்வை வந்தது, கால் மட்டும் வரவில்லை. அரக்கனை மிதித்த கால் மாதிரி இல்லாமல், பேருந்துக்குக் காத்திருப்பவர் கால் மாதிரி இருந்தது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

புவனேசன் கைத்தொலைபேசியை அம்சவள்ளியிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். ஒருநாளும் தான் படத்துக்கு நிற்காதவர், முக்காலியைத் தள்ளிவிட்டு சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்.

நல்லசாமி பதறிக் காலைப் பின்னுக்கு இழுத்தார். "தம்பி, வேணாம்லா. காலு மேல படுது."

புவனேசன் கையை நீட்டி அந்தக் காலைக் கணுக்காலோடு பிடித்து, தன் நெஞ்சின்மேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தினார்.